2008இல் ஜெயித்த ஐரோப்பியக் கூட்டணி செர்பியாவில் எங்கே போனது?

கடலோரன்:
நோவி சாத் ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை 2024 நவம்பர் 1 அன்று இடிந்து விழுந்ததே, அதற்குப் பிறகு செர்பிய மாணவர்கள் நடத்திவரும் போராட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கிறேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. ஊர்வலங்களில் செர்பியக் கொடி நிறைய இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீலக்கொடியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதே மாதங்களில் ஜார்ஜியாவின் திபிலீசியில் நடந்த போராட்டத்தில் தெருவே நீலமாக இருந்தது.

இதே செர்பியாவில் 2008 மே மாதம் 'ஐரோப்பிய செர்பியாவுக்காக' என்று பெயரிலேயே ஐரோப்பாவை வைத்துக்கொண்டு ஒரு கூட்டணி நின்று 38 விழுக்காடு வாக்கு வாங்கியது. ஆட்சியும் அமைத்தது. நான்கே வருடத்தில் கரைந்துபோனது. 2012இல் தோற்றதால் கரைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் வாதம் வேறு. 2008இல் அது வென்ற விதத்திலேயே அதன் முடிவும் இருந்தது. மறுப்பவர்கள் வரலாம்.

பேராண்டி:
அண்ணா, அந்தக் கூட்டணியில் யார் யார்? எனக்கு வூச்சிச் பெயர் மட்டும்தான் தெரியும்.

வாத்தியார்:
பின்னாளில் அதிபரான அலெக்சாந்தர் வூச்சிச் அப்போது எதிர் முகாமில் இருந்தார் தம்பி. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

கூட்டணியின் முதுகெலும்பு ஜனநாயகக் கட்சி. தலைவர் போரிஸ் தாதிச், அப்போதே நாட்டின் அதிபர். 2003 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமர் ஜொரான் ஜிஞ்சிச் இருந்தாரே, அவருடைய கட்சி. கூடச் சேர்ந்தவர்களைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். பொருளாதார நிபுணர்கள் தொடங்கிய, ம்லாஜான் திங்கிச் தலைமையிலான ஜி17 பிளஸ். மன்னராட்சி திரும்ப வேண்டும் என்ற வுக் த்ராஷ்கோவிச்சின் கட்சி. வடக்கு மாகாணமான வொய்வொதினாவுக்குத் தன்னாட்சி கேட்கும் நெனாத் சானாக்கின் கட்சி. சாஞ்சாக் பகுதி போஸ்னியாக் முஸ்லிம்கள் மத்தியில் வேலை செய்த ராசிம் ல்யாயிச்சின் கட்சி. மன்னரும் வேண்டும், மாகாணத் தன்னாட்சியும் வேண்டும், சந்தைப் பொருளாதாரமும் வேண்டும். எல்லோரையும் ஒரே பட்டியலில் உட்கார வைத்தது ஐரோப்பா என்ற ஒரு சொல்தான்.

பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். 2008 பிப்ரவரி 3 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தாதிச் தீவிர தேசியவாதியான தோமிஸ்லாவ் நிகோலிச்சைச் சுமார் ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில்தான் தாண்டினார். பிப்ரவரி 17 அன்று, செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ தனிநாடாக அறிவித்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து பெல்கிரேடில் பெருங்கூட்டம், அன்றிரவு அமெரிக்கத் தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள். பிரதமர் கொஸ்துனிட்சாவும் தாதிச் கட்சியும் ஒரே அரசில் இருந்தவர்கள்தான். கொசோவோ நம்முடையது என்று ஐரோப்பா ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பக்கம் போவோம் என்றார் கொஸ்துனிட்சா. அமைச்சரவையில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. மார்ச் 8 அன்று அரசு கவிழ்ந்தது. மே 11 தேர்தல்.

கொசோவோ போன மூன்றே மாதத்தில், அதை அங்கீகரித்த நாடுகள் நிறைந்த ஒன்றியத்தின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஊர்சுற்றி:
துணிச்சல் சரி, ஆனால் தனியாக ஓடிய ஓட்டம் இல்லையே வாத்தியாரே. ஐரோப்பாவே பின்னால் நின்று தள்ளியது. தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 29 அன்று லக்சம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இணைவு ஒப்பந்தத்தில் கையெழுத்து. செர்பியா சார்பில் போட்டவர் துணைப் பிரதமர் பொஜிதார் ஜெலிச், தாதிச் பக்கத்தில் நிற்கிறார். மறுநாளே ஃபியட் நிறுவனத்தோடு க்ராகுயேவாட்ஸ் நகரத்தின் பழைய ஜாஸ்தவா கார் ஆலைக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். மே முதல் வாரத்தில் பல ஐரோப்பிய நாடுகள் செர்பியர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை என்று அறிவித்தன.

இதில் கூத்து என்னவென்றால், கையெழுத்தான ஒப்பந்தம் உடனே செயலுக்கு வரவில்லை. போஸ்னியப் போர்க்குற்றங்களுக்காகத் தேடப்பட்ட தளபதி ராத்கோ ம்லாதிச்சைப் பிடித்துக் கொடுக்கும்வரை முடியாது என்று நெதர்லாந்து நிறுத்தி வைத்தது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2013 செப்டம்பரில். அதாவது தாதிச் பதவி இழந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு.

நெய்தல்:
ஊர்சுற்றி, வெளியிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்பதால் செர்பியர் போட்ட ஓட்டு பொய்யாகிவிடுமா? அந்த நாட்டுக்காரர்கள் தொண்ணூறுகள் முழுக்கத் தடைகளுக்கு உள்ளே கிடந்தவர்கள். பெல்கிரேடில் ஒரு ஷெங்கன் விசாவுக்கு விடிகாலையிலிருந்து வரிசையில் நின்ற தலைமுறை. 'கட்டணம் இல்லை' என்ற செய்தி அவர்களுக்கு என்ன என்று நமக்குப் புரியாதா? 2009 டிசம்பர் 19 முதல் விசாவே தேவையில்லை என்று ஆனது. இது அந்தக் கூட்டணி ஆட்சியில் கிடைத்தது. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பலன்.

ஊர்சுற்றி:
விசா என்றதும் ஒரு கிளைக்கதை. 2022 கடைசிவரை இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு செர்பியாவில் 30 நாள் விசா வேண்டாம், நம் பயணக் குழுக்களில் பெல்கிரேட் பெயர் அடிபட்டதே அதனால்தான். 2023 ஜனவரி 1 முதல் அதை நிறுத்தியதும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெருக்கடியால்தான். சரி, இழைக்குத் திரும்புவோம்.

அரைப்பக்கம்:
எல்லோரும் 38 விழுக்காடு, வெற்றி என்கிறீர்கள். எண்களைப் போடுகிறேன், பிறகு வெற்றியா என்று பேசுவோம்.

மொத்தம் 250 இடம். ஆட்சிக்கு 126 வேண்டும். ஐரோப்பிய செர்பியாவுக்காக 102. செர்பியத் தீவிரக் கட்சி 78. கொஸ்துனிட்சா அணி 30. சோஷலிஸ்ட் கட்சி, ஓய்வூதியர் கட்சி, யாகோதினா நகரத்துப் பால்மாவின் கட்சி மூன்றும் சேர்ந்த அணி 20. செதோமிர் யோவானோவிச்சின் லிபரல் கட்சி 13. சிறுபான்மைப் பட்டியல்கள்: ஹங்கேரியர் 4, போஸ்னியாக் 2, அல்பேனியர் 1.

இப்போது கூட்டுங்கள். ஐரோப்பிய அணி, லிபரல்கள், சிறுபான்மையினர் எல்லோரும் சேர்ந்தால் 102, 13, 7: மொத்தம் 122. நான்கு குறைகிறது. அந்தப் பக்கம் தீவிரக் கட்சி, கொஸ்துனிட்சா, சோஷலிஸ்ட் அணி சேர்ந்தால் 78, 30, 20: மொத்தம் 128. ஆட்சி! ஆக, தேர்தல் இரவில் பட்டாசு வெடித்தவர்கள் உண்மையில் எதிர்க்கட்சி வரிசைக்குப் போகும் நிலையில் இருந்தார்கள். சாவி அந்த 20 பேர் கையில்.

சோஷலிஸ்ட் கட்சி யாருடையது? தொண்ணூறுகளில் செர்பியாவை ஆண்ட ஸ்லோபோதான் மிலோசெவிச்சுடையது. 2000 அக்டோபர் 5 அன்று தெருவில் இறங்கி எந்தக் கட்சியை விரட்டினார்களோ, அதே கட்சி.

பேராண்டி:
அய்யோ. பிறகு?

அரைப்பக்கம்:
பிறகு என்ன, சோஷலிஸ்ட் தலைவர் இவிட்சா தாச்சிச் இரண்டு கடையிலும் விலை கேட்டார். மே கடைசியில் பெல்கிரேட் மாநகராட்சிக்கு தேசியவாதிகளோடு உடன்பாடு கண்டுவிட்டார்கள். அது நிலைத்திருந்தால் வூச்சிச் அப்போதே பெல்கிரேட் மேயர். ஜூனில் காற்று திரும்பியது. ஜூலை 7 அன்று மிர்கோ த்ஸ்வெத்கோவிச் பிரதமரானார். தாச்சிச் முதல் துணைப் பிரதமர், அதோடு உள்துறை அமைச்சர். போலீஸ் மிலோசெவிச் கட்சியிடம்! சபாநாயகர் நாற்காலியும் அதே கட்சிக்கு. பெல்கிரேட் மேயர் பதவி ஜனநாயகக் கட்சியின் த்ராகன் ஜிலாசுக்கு வந்தது.

கடலோரன்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நன்றி அரைப்பக்கம். 'மிலோசெவிச் காலத்துக்குத் திரும்பமாட்டோம்' என்று ஓட்டு வாங்கியவர்கள் அந்தக் காலத்தையே அமைச்சரவையில் உட்கார வைத்தார்கள். அக்டோபரில் இரண்டு கட்சியும் 'அரசியல் நல்லிணக்கப் பிரகடனம்' என்று ஒன்றில் கையெழுத்துப் போட்டன. ஜிஞ்சிச்சைப் பறிகொடுத்த தொண்டர் இதை எப்படி விழுங்குவார்?

நெய்தல்:
கடலோரன், இது உணர்ச்சி வாதம். அந்த ஜூனில் உங்களிடம் வேறு வழி இருந்ததா என்று சொல்லுங்கள். சோஷலிஸ்டுகளை விட்டிருந்தால் வொயிஸ்லாவ் ஷெஷெலின் தீவிரக் கட்சி ஆட்சிக்கு வந்திருக்கும். ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்தின் சிறையிலிருந்தபடி அந்தக் கட்சியை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்.

விட்டிருந்தால் கராஜிச் பிடிபட்டிருப்பாரா? அரசு அமைந்து இரண்டு வாரத்தில், ஜூலை 21 அன்று, போர்க்குற்றத்துக்குத் தேடப்பட்ட போஸ்னிய செர்பியத் தலைவர் ரதோவான் கராஜிச் கைது. பெல்கிரேடில் தாடி வளர்த்து, மாற்று மருத்துவர் வேடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். 2011 மே 26இல் லாசாரெவோ கிராமத்தில் ம்லாதிச். அதே 2011 ஜூலையில் கோரான் ஹாஜிச். ஹேக் நீதிமன்றம் தேடிய கடைசி மூன்று பெரிய புள்ளிகளும் இந்த ஆட்சியில்தான் போனார்கள். 2009 டிசம்பரில் உறுப்பினர் விண்ணப்பம், 2012 மார்ச் 1 அன்று வேட்பாளர் தகுதி. இதற்கு மேல் ஒரு ஐரோப்பியக் கூட்டணி என்ன செய்யும்?

அரைப்பக்கம்:
ஒரு சிறு சேர்க்கை. கராஜிச் கைதில் எங்கள் போலீசாருக்குப் பங்கே இல்லை என்று தாச்சிச்சின் அமைச்சகம் அவசரமாக அறிக்கை விட்டது. உளவுத்துறை செய்த வேலை அது. பெருமை வந்து சேர்ந்தாலும் வேண்டாம் என்று தள்ளும் அமைச்சரை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பாவுக்குப் போனார்கள்.

வாத்தியார்:
இரண்டு பேரும் அந்த அணியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு எதிர் முகாமில் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

அந்த லக்சம்பர்க் ஒப்பந்தம் நாடாளுமன்ற ஒப்புதலுக்கு வந்தது. தீவிரக் கட்சியை நாட்டுக்குள் நடத்தி வந்த நிகோலிச் ஆதரித்து ஓட்டுப் போடலாம் என்றார். ஹேக்கிலிருந்து ஷெஷெல் கூடாது என்றார். செப்டம்பரில் நிகோலிச் பிரிந்தார். சில நாள் தயங்கிவிட்டு வூச்சிச்சும் வந்தார். அக்டோபரில் செர்பிய முன்னேற்றக் கட்சி பிறந்தது. கொள்கை? ஐரோப்பாவில் சேருவோம், ரஷ்யாவோடும் நட்பாக இருப்போம்.

கவனியுங்கள். 2008 மே வரை செர்பிய அரசியலை வெட்டிய கோடு ஒன்று: ஐரோப்பாவா, இல்லையா. அந்த அணி வென்றதும், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் கெட்டிக்காரர்கள் இங்கேயே வந்துவிட்டார்கள். கோடே அழிந்தது. ஐரோப்பாவுக்கு எதிராக நின்றால் இனி பெரும்பான்மை கிடைக்காது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தாதிச்தான்.

நெய்தல்:
எதிரியே நம் கொள்கைக்கு வந்துவிட்டால் அரசியலில் அதைவிடப் பெரிய வெற்றி உண்டா வாத்தியாரே?

கடலோரன்:
வந்தது சொல்லுக்கு, கொள்கைக்கு அல்ல. அந்தச் சொல்லைத் தவிர கையில் வேறொன்றும் வைத்துக்கொள்ளாமல் இருந்ததுதான் கூட்டணியின் குற்றம். எதிரியும் அதையே சொல்ல ஆரம்பித்ததும் மக்கள் மற்றதைப் பார்த்தார்கள். மற்றது எப்படி இருந்தது?

2008 கடைசியில் உலக நெருக்கடி. ஒரு யூரோவுக்கு 80 தினார் என்ற அளவில் இருந்தது 2012இல் 110ஐத் தாண்டியது. யூரோவில் வீட்டுக் கடன் வாங்கி, தினாரில் சம்பளம் வாங்கியவர்கள் கதி என்ன? திங்கிச் தலைக்கு ஆயிரம் யூரோ மதிப்பில் இலவசப் பங்குகள் என்று ஆசை காட்டினார், கையில் வந்தது அதன் அருகில்கூட இல்லை. ஃபியட் ஆலையில் புதிய மாடல் வண்டி வெளிவரவே 2012 ஆகிவிட்டது.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். நீதித்துறையில் செய்தது? 2009 கடைசியில் நாட்டின் எல்லா நீதிபதிகளும் மறு நியமனத்துக்கு உட்பட வேண்டும் என்றார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது, ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவில்லை. 2012இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு அவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னது. சீர்திருத்தம் என்ற பெயரில் நீதிமன்றத்தைக் கட்சி வசதிக்கு வளைக்க முடியும் என்று பாதை போட்டுக் கொடுத்தது இந்த ஐரோப்பிய அரசுதான். அப்புறம் வூச்சிச்சைக் குறை சொல்லி என்ன பயன்?

ஊர்சுற்றி:
எண்ணெய் நிறுவனத்தை விட்டுவிட்டீர்கள். என்ஐஎஸ் நிறுவனத்தின் 51 விழுக்காட்டை 40 கோடி யூரோவுக்கு ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நெஃப்டுக்கு விற்கும் பேரம் கொஸ்துனிட்சா காலத்தில், 2008 ஜனவரியில் பேசப்பட்டது. ஆனால் விற்பனையை முடித்துக் கையெழுத்திட்டது டிசம்பரில், இந்த ஐரோப்பியக் கூட்டணி அரசு. கொசோவோவுக்காக ஐ.நா.வில் ரஷ்யாவின் வீட்டோ தேவை, அதற்கான விலை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

தாதிச்சே பிறகு வெளியுறவுக்கு நான்கு தூண் என்று சொன்னார்: பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ, வாஷிங்டன், பெய்ஜிங். இன்று வூச்சிச் 'எல்லாப் பக்கமும் சாய்கிறார்' என்று எழுதுகிறார்களே, அந்த வித்தைக்கு அடித்தளம் போட்டது யார்? அந்த என்ஐஎஸ் விவகாரம் அதோடு முடியவில்லை. ரஷ்யப் பங்கு இருப்பதால் 2025 ஜனவரியில் அமெரிக்கா அதன் மீது தடை அறிவித்தது.

பேராண்டி:
2012இல் தோற்றது எப்படி?

அரைப்பக்கம்:
தாதிச் ஏப்ரலில் தானாகவே பதவி விலகி, பத்து மாதம் முன்னதாக அதிபர் தேர்தலை இழுத்து நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்தார். தன் செல்வாக்கு கட்சியையும் கரையேற்றும் என்று கணக்கு. ஐரோப்பா என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'நல்வாழ்வுக்கான தேர்வு' என்று பட்டியலுக்குப் பெயர் வைத்தார்கள். ஜி17 வேறு பக்கம் போயிருந்தது, த்ராஷ்கோவிச் லிபரல்களோடு சேர்ந்துவிட்டார். 102 இடம் 67 ஆனது. முன்னேற்றக் கட்சி அணிக்கு 73.

மே 20, இரண்டாம் சுற்றில் நிகோலிச் வென்றார். வாக்குச்சீட்டை வெள்ளையாகப் போடுங்கள் என்று ஒரு இயக்கம் நடந்தது. நடத்தியவர்களில் பலர் பழைய ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள். நாடாளுமன்றத் தேர்தலில் செல்லாத ஓட்டே 4 விழுக்காட்டுக்கு மேல். அப்புறம் தாச்சிச் மறுபடி கடை மாறினார், இந்த முறை பிரதமர் பதவியே கிடைத்தது.

வாத்தியார்:
அந்தத் தாச்சிச்தான் 2013 ஏப்ரல் 19 அன்று கொசோவோ பிரதமர் ஹாஷிம் தாச்சியோடு, இரு தரப்பு உறவைச் சீராக்கும் பிரஸ்ஸல்ஸ் உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். தாதிச் அதைச் செய்திருந்தால் துரோகி என்று தெருவில் பொம்மை எரித்திருப்பார்கள். மிலோசெவிச் கட்சிக்காரரும் பழைய தீவிரக் கட்சிக்காரர்களும் சேர்ந்து செய்ததால் எதிர்க்க ஆள் இல்லை. பிரஸ்ஸல்ஸ் அன்றைக்கு ஒரு பாடம் கற்றது: ஐரோப்பிய மனம் கொண்டவர்களைவிட, கையெழுத்துப் போடக்கூடிய தேசியவாதி பயனுள்ளவர். 2014 ஜனவரியில் ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தை தொடங்கியது. 35 அத்தியாயங்களில் 22 திறந்தார்கள், கடைசியாகத் திறந்தது 2021 டிசம்பரில். தற்காலிகமாக மூடியது இரண்டே இரண்டு.

கடலோரன் கேட்ட நீலக்கொடிக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்பேன். தாதிச்சைவிட பிரஸ்ஸல்ஸ் மீதுதான் எனக்குக் கோபம்.

நெய்தல்:
இதை ஒத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் யாதார் பள்ளத்தாக்கு லித்தியத்துக்காக ஜெர்மன் பிரதமர் ஷோல்ஸ் பெல்கிரேட் வந்து, ஒப்பந்தம் போடும்போது வூச்சிச் பக்கத்தில் நின்றார். அடுத்த மாதமே ஊர் ஊராக அந்தச் சுரங்கத்துக்கு எதிராகக் கூட்டம். அங்கே போய் நீலக்கொடி பிடியுங்கள் பார்ப்போம்.

ஆனால் ஒரு திருத்தம். கொடி இல்லை என்பதால் ஐரோப்பா வேண்டாம் என்று பொருள் இல்லை. 2025 ஏப்ரலில் மாணவர்கள் நோவி சாத்திலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்குக்குச் சைக்கிளிலேயே போனார்கள். பிரஸ்ஸல்ஸுக்கு ஓடியே போனது இன்னொரு குழு. கவனிக்க மாட்டேன் என்கிறவர்களின் வாசலுக்கே போய் நிற்பதும் ஐரோப்பிய அரசியல்தானே.

கடலோரன்:
நல்ல சேர்க்கை. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. 2023 மே மாதப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் உருவான 'வன்முறைக்கு எதிரான செர்பியா' கூட்டணியும் ஐரோப்பிய ஆதரவுக் கட்சிகள் பெரும்பான்மையாக இருந்ததுதான். பெயரில் ஐரோப்பா இல்லை. டிசம்பர் தேர்தலில் 65 இடம். பெல்கிரேடில் வெளியூர் வாக்காளர்களை, போஸ்னியாவிலிருந்துகூட, கொண்டுவந்து இறக்கினார்கள் என்று புகார், போராட்டம், உண்ணாவிரதம். ஆனால் 2024 ஜூனில் மாநகரத் தேர்தலை மறுபடி நடத்தியபோது கூட்டணி போட்டியிடுவதா புறக்கணிப்பதா என்று இரண்டாக உடைந்தது. பொது எதிரி மட்டும் இருந்தால் போதாது என்று 2008இலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பேராண்டி:
அப்படியென்றால் அடுத்த தேர்தலுக்கு மாணவர்கள் கட்சிகளைச் சேர்க்காமல் தனிப் பட்டியல் போடுவது சரிதானா? கட்சிகளையும் சேர்த்துக்கொண்டால் பலம் கூடாதா?

அரைப்பக்கம்:
தம்பி, உணர்ச்சியை விட்டுவிட்டு விதியைப் பார். நாடு முழுவதும் ஒரே தொகுதி. பட்டியலுக்கு ஓட்டு, டோன்ட் (D'Hondt) எனும் விகிதாசாரக் கணக்கில் இடம். 2008இல் நுழைவு வரம்பு 5 விழுக்காடு, 2020இல் 3 ஆகக் குறைத்தார்கள். சிறுபான்மைப் பட்டியல்களுக்கு வரம்பே இல்லை. இந்த முறையில் பெரிய பட்டியலுக்குக் கொஞ்சம் கூடுதல் லாபம். 2.9 விழுக்காடு வாங்கும் குட்டிக் கட்சியின் ஓட்டு அப்படியே வீண். அதனால் ஐந்து எதிர்க்கட்சிப் பட்டியல் போட்டியிட்டால் வூச்சிச்சுக்குக் கொண்டாட்டம்.

ஆனால் எல்லோரையும் ஒரே பட்டியலில் ஏற்றினால் 2008 திரும்பும். ஜெயித்த மறுநாள் மன்னர் கட்சியும் மாகாணக் கட்சியும் அமைச்சர் பதவிக்கு வரிசையில் நிற்கும். என்னைக் கேட்டால், மாணவர் பட்டியல் ஒன்று, ஐரோப்பா என்று வெளிப்படையாகச் சொல்லும் கட்சிகளின் பட்டியல் ஒன்று, இரண்டும் வரம்பைத் தாண்டும் என்று உறுதியானால் தனித்தனியாக நிற்கலாம். உறுதியில்லை என்றால் இரண்டாவது பட்டியல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தாச்சிச் மாதிரி இருபது பேரை வைத்துக்கொண்டு பேரம் பேசும் இடத்தில் மட்டும் யாரையும் விடக்கூடாது.

நெய்தல்:
ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டீர்கள். எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜிலாசிடம் போய் அதைச் சொல்லுங்கள், என்ன பதில் வருகிறது பார்க்கலாம்.